பயன்முறைப் பொருளியல் பயின்றோர்க்குரிய பணி வாய்ப்புகள்

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி ஒருவர்)

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. பொருளியல் மாணவர்களாகிய நம்மைப் பார்த்து ஊரார் அடிக்கடி சொல்லும் பழமொழியும் இதுவே. வணிகவியல் படித்தவர் கணக்கராகலாம், கணிப்பொறி படித்தவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகலாம், பொருளியல் படித்தவர் என்ன ஆகலாம் என்ற கேள்விக்கு நம்மில் பலருக்கு விடை தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சென்ற பொங்கல் விடுமுறையில் என் தாய்மாமா, "ஏம்மா, எகனாமிக்ஸ் படிச்சா எந்த ஆபீஸிலே வேலை குடுப்பாங்க?" என்று கேட்டார். நான் தலை குனிந்து நின்றேன். பட்டம் முடிந்ததும் ஒரு ஜவுளிக்கடையில் ரசீது போடும் வேலைக்கு என்னைச் சேர்த்துவிடுவதாக அவர் என் தாயாரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

பயன்முறைப் பொருளியல் என்பது யாது?

தேவை, அளிப்பு, விலை, வட்டி, கூலி ஆகியவற்றின் பொது விதிகளைக் கூறுவது பொருளியல் கோட்பாடு. அவ்விதிகளை ஓர் ஊருக்கோ, ஒரு தொழிலுக்கோ, ஒரு குடும்பத்துக்கோ பொருத்திப் பார்த்து, உண்மையான எண்களைக் கொண்டு கணக்கிட்டு, இன்னது செய்யலாம் என்று முடிவு கூறுவது பயன்முறைப் பொருளியல். ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்க விரும்புகிறேன்.

என் தாயார் பூ வியாபாரம் செய்பவர். முதலுக்காகத் தண்டல் வாங்குவது வழக்கம். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் 10,000 ரூபாயையும் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பத்துதானே, பெரிய வட்டியா?" என்பது அம்மாவின் எண்ணம். இரண்டாம் ஆண்டில் வட்டிக் கோட்பாடு பற்றிய பாடம் நடந்தபோது இந்தக் கடனை நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

கையில் வந்தது 9,000 ரூபாய். ஆனால் அந்தத் தொகை 100 நாளும் அம்மாவிடம் இருப்பதில்லை. நாள்தோறும் திருப்பிக் கட்டுவதால் முதல் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் நின்ற கடன் ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளுக்கு வட்டி 1,000 ரூபாய். அதாவது 100 நாளுக்கே 22 விழுக்காடு. ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 80 விழுக்காடு! அம்மா சேர்ந்திருந்த மகளிர் சுய உதவிக் குழுவிலோ, நிலுவைத் தொகைக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு, அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. தண்டலில் மூன்று சுற்று வாங்கினால் 300 நாளில் 3,000 ரூபாய் வட்டி. அதே தொகையை அதே போல் குழுவில் வாங்கிக் கட்டினால் ஏறத்தாழ 900 ரூபாய். இதை எழுதிக் காட்டியபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருஷமா எவ்வளவு போயிருக்கும் கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கணக்கை நான் போடவில்லை. அடுத்த கடனை அம்மா குழுவில் வாங்கினார்.

கோட்பாடு பாடநூலில் இருந்தது. எண்கள் எங்கள் வீட்டில் இருந்தன. இரண்டையும் இணைத்ததுதான் பயன்முறைப் பொருளியல். இனி நான் கூறப்போகும் பணிகள் அனைத்தும் இந்த ஒரு கணக்கின் விரிவே எனலாம்.

நம் மாவட்டத்தின் பெருமை

இத்துறைக்கும் நம் மாவட்டத்துக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டளவில் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆய்வு செய்யச் செய்தார். நிலம் யாரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பனவற்றை அம்மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதினர். அந்த ஆய்வுகள் 1918இல் நூலாக வெளிவந்தன. ஆய்வுக்குரிய ஊர்களுள் இருவேல்பட்டும் ஒன்று. அது இன்று நம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகியவை பிற ஊர்கள். அவ்வூர்களுக்கு 1936இல் மீண்டும் சென்று ஆய்ந்தனர். இருவேல்பட்டின் மாற்றங்களை 2008 வரை ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்துள்ளனர். நூறாண்டுக்கு முன் நம்மைப் போன்ற மாணவர்கள் எழுதிய குறிப்பு இன்றும் உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது என்பது நாம் எண்ணிப் பெருமைப்படத்தக்கதன்றோ?

இத்தகைய கணக்கெடுப்பு நாட்டின் போக்கையே மாற்றியதும் உண்டு. ரிசர்வ் வங்கி 1951-52இல் நடத்திய அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வில், உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே என்றும், வட்டிக்கு விடுவோர் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு என்றும் தெரியவந்தது. அந்த ஆய்வுக் குழுவின் பரிந்துரையின் வழியே 1955இல் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. எண்களைச் சரியாக எடுத்தவர்கள் இல்லையேல் இம்மாற்றம் நிகழ்ந்திருக்குமா?

மத்திய அரசுப் பணிகள்

நம் துறைக்கென்றே உள்ள உயர்ந்த பணி இந்தியப் பொருளாதாரப் பணி ஆகும். 1961இல் அமைக்கப்பட்ட இப்பணிக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. பொருளியல், பயன்முறைப் பொருளியல், வணிகப் பொருளியல், பொருளாதார அளவியல் ஆகியவற்றுள் ஒன்றில் முதுகலைப் பட்டம் வேண்டும். "பயன்முறைப் பொருளியல்" என்ற பெயரே அறிவிப்பில் இடம்பெற்றிருப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. வயது 21 முதல் 30 வரை. பிற்படுத்தப்பட்டோர்க்கு 3 ஆண்டும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. பொது ஆங்கிலம், பொது அறிவு ஆகியவற்றுக்குத் தலா 100 மதிப்பெண். பொதுப் பொருளியலில் மூன்று தாள்களும் இந்தியப் பொருளியலில் ஒரு தாளும் தலா 200. நேர்முகத் தேர்வு 200. ஆக மொத்தம் 1,200. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. சில ஆண்டுகளில் இருபதுக்கும் குறைவாகவே அறிவிக்கப்பட்டுள்ளன. விடைகளை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். தமிழ்வழி பயிலும் நம்மவர் இதனை முதலாண்டிலேயே மனத்திற்கொள்ள வேண்டும்.

ஐ.ஏ.எஸ். முதலிய குடிமைப் பணித் தேர்வில் பொருளியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரு தாள்கள், தலா 250 மதிப்பெண். இத்தேர்வின் முதன்மைத் தாள்களைத் தமிழிலும் எழுதலாம் என்பது நமக்கு ஒரு வசதி. விருப்பப் பாடம் வேறாக இருப்பினும், பொதுத் தாள்களில் பொருளாதார வினாக்கள் ஏராளம். மற்றவர் புதிதாகப் படிக்க வேண்டியதை நாம் முன்பே படித்திருக்கிறோம்.

பணியாளர் தேர்வு ஆணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணி உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கள ஆய்வுகளை நடத்துவோர் இவர்களே. என் தாயார் வாங்கிய தண்டல் போன்ற கடன்களைக் கூடக் கேட்டுக் குறிக்கும் கடன் மற்றும் முதலீட்டு ஆய்வு 2019இல் நாடு முழுவதும் நடந்தது. இப்பணிக்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 60 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும்; அல்லது பட்டப் படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். இரண்டாம் நிலைப் புள்ளியியல் ஆய்வாளர் பணிக்கோ ஆறு பருவங்களிலும் புள்ளியியல் பயின்றிருக்க வேண்டும் என்பது விதி.

இவ்விடத்தில் ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். வேறு ஒரு கல்லூரியில் பொருளியல் படித்தவர். நல்ல மதிப்பெண் பெற்றவர். மேல்நிலையில் வரலாற்றுப் பிரிவு. பட்டப் படிப்பில் புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுக்க வாய்ப்பிருந்தும், "கணக்கு நமக்கு வராது" என்று தோழியரோடு சேர்ந்து எளிய பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டார். பின்னர் இத்தேர்வுக்காக ஓராண்டு இரவு பகலாகப் படித்தார். விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தகுதி விதியை முழுவதும் படித்தார். இரண்டு வாயிலும் அவருக்கு அடைத்திருந்தன. "பரீட்சையிலே தோத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்று அவர் என்னிடம் சொன்னார். மறுநாளே நான் துறைத்தலைவர் அவர்களிடம் சென்று என் பாடத் தேர்வை மாற்றித் தருமாறு வேண்டிக்கொண்டேன். இன்று புள்ளியியல் என் பாடங்களுள் ஒன்று. முதற்பருவத்தில் 41 மதிப்பெண் பெற்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது 68.

மாநில அரசுப் பணிகள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி ஒன்று, இரண்டு ஆகிய தேர்வுகளுக்குப் பட்டப் படிப்பே அடிப்படைத் தகுதி. இந்தியப் பொருளாதாரமும் தமிழகத்தின் வளர்ச்சி நிருவாகமும் இத்தேர்வுகளின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. ஆகவே நம் வகுப்பறைப் பாடமே தேர்வுப் பாடமாகிறது.

மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையை நம்மில் பலர் அறியோம். பயிர் அறுவடைச் சோதனை நடத்தி விளைச்சலை மதிப்பிடுவது, சந்தை விலைகளைத் திரட்டுவது முதலியன இத்துறையின் பணிகள். இதற்கான பணியிடங்களுக்கும் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. பதவிக்குப் பதவி கல்வித் தகுதி வேறுபடுவதால், அறிவிப்பை வரிவிடாமல் படிப்பது இன்றியமையாதது.

தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசின் நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. நேர்முக அழைப்பு வந்த பின் ஊர் ஊராக அலைவதைவிட இப்போதே வாங்கிவிடலாம்.

வங்கிகளும் கூட்டுறவும்

1969இல் 14 வங்கிகளும் 1980இல் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பின் சிற்றூர்களிலும் கிளைகள் தோன்றின. அரசுடைமை வங்கிகளின் அலுவலர், எழுத்தர் பணிகளுக்கு எந்தப் பட்டமும் போதும். அலுவலர்க்கு வயது 20 முதல் 30 வரை. எழுத்தர்க்கு 20 முதல் 28 வரை. எழுத்தர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். வேலையில் சேர்ந்தபின் பொருளியல் மாணவரின் தகுதி விளங்கும். ஒருவர் கடன் கேட்டு வரும்போது அவர் தொழிலில் என்ன வருவாய் வரும், தவணை கட்ட முடியுமா என்று மதிப்பிடுவது, நான் அம்மாவுக்குப் போட்ட கணக்கின் மறுபக்கமே அன்றோ?

ரிசர்வ் வங்கியில் 'பி' நிலை அலுவலர் பணி உண்டு. பொதுப் பிரிவுக்குக் குறிப்பிட்ட மதிப்பெண்ணுடன் பட்டம் போதும். பொருளாதாரக் கொள்கை ஆய்வுத் துறைக்குப் பொருளியலில் முதுகலை வேண்டும். 1982இல் தொடங்கப்பட்ட நபார்டு வங்கியின் உதவி மேலாளர் தேர்வில், பொருளாதார சமூகச் சிக்கல்கள், வேளாண்மை, ஊரக வளர்ச்சி ஆகியவை பாடங்கள். கிராமத்திலிருந்து வரும் பொருளியல் மாணவர்க்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை என்பது என் கருத்து.

கூட்டுறவுச் சங்கங்களிலும் கூட்டுறவு வங்கிகளிலும் சேர விரும்புவோர் பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சியும் பெற்றிருப்பது வழக்கமாகக் கேட்கப்படும் தகுதி. பட்டம் முடித்து வீட்டில் காத்திருக்கும் காலத்தில் இப்பட்டயத்தைப் பெற்றுவிடலாம்.

ஆசிரியப் பணியும் ஆராய்ச்சியும்

மேல்நிலைப் பள்ளிப் பொருளியல் ஆசிரியராக முதுகலையும் பி.எட். பட்டமும் வேண்டும்; ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் முதுகலையில் 55 விழுக்காடு பெற்று தேசியத் தகுதித் தேர்வோ மாநிலத் தகுதித் தேர்வோ எழுத வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. தேசியத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெறுவோர்க்கு இளநிலை ஆய்வு உதவித்தொகையும் கிடைக்கும்.

முதுகலைக்கு எங்கே செல்லலாம்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார அளவியலுக்கெனத் தனித்துறை உள்ளது. திருவாரூரில் 2009இல் தோன்றிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு வழியே சேரலாம். சென்னைப் பொருளியல் பள்ளியும், புனேயில் 1930இல் நிறுவப்பட்ட கோகலே நிறுவனமும் புகழ்பெற்றவை. மகாலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அளவைப் பொருளியல் முதுகலைக்கு உதவித்தொகையும் உண்டு. ஆனால் அதன் நுழைவுத் தேர்வில் கணிதம் கடினம். சென்னை அடையாற்றில் மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், தமிழ்நாட்டுப் பொருளாதாரத்தை ஆராய விரும்புவோர் அறிந்திருக்க வேண்டிய இடம்.

தனியார் துறை

தனியார் வங்கிகள், சிறுகடன் நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், சந்தை ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், பொருளாதார இதழ்கள் ஆகியவற்றில் நமக்கு இடம் உண்டு. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் சிறு வணிகர்க்கும் கணக்கும் வரி விவரமும் அறிந்தவர் தேவைப்படுகின்றனர். ஆயினும் இங்கே பட்டத்தின் பெயரைக் கேட்பதைவிட, "என்ன செய்யத் தெரியும்?" என்றே கேட்கின்றனர். ஆகவே மூன்று திறன்களை நாம் படிக்கும்போதே பெற வேண்டும். முதலாவது, எக்செல் போன்ற கணிப்பொறிச் செயலியில் எண்களை அட்டவணைப்படுத்திச் சராசரி, விழுக்காடு, வரைபடம் போடத் தெரிய வேண்டும். இரண்டாவது, ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை பிழையின்றி எழுத வேண்டும். மூன்றாவது, முன்பின் அறியாத ஒருவரிடம் பணிவுடன் கேள்வி கேட்டு உண்மையான விடையைப் பெறத் தெரிய வேண்டும். மூன்றாவது திறன் நகரத்தாரைவிட நமக்கே எளிது.

ஒரு வேண்டுகோள்

மாணவ நண்பர்களே! பட்டம் கிடைத்தவுடன் வேலை தேடி வந்து கதவைத் தட்டும் என்று நான் சொல்லவில்லை. ஓர் இடத்துக்கு ஆயிரம் பேர் போட்டியிடும் காலம் இது. ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே திரும்பிப் போவது தோல்வியினும் கொடியது. முதலாண்டில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தகுதி விதிகளைப் பாருங்கள். இரண்டாமாண்டில் புள்ளியியலையும் ஆங்கிலத்தையும் விடாதீர்கள். மூன்றாமாண்டில் எந்தத் தேர்வு என்பதை முடிவு செய்யுங்கள்.

நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். துறை அறிவிப்புப் பலகையில் தேர்வு அறிவிப்புகளை, குறிப்பாகக் கல்வித் தகுதிப் பகுதியை, மாதந்தோறும் ஒட்டச் செய்ய வேண்டும். துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில் புதிய மாணவர்க்கு அரைமணி நேரம் இதைப் பற்றிப் பேச வேண்டும். அந்த அரைமணி நேரம் ஒருவருடைய ஓராண்டைக் காப்பாற்றும். ஒட்டும் பணியை மூன்றாமாண்டு மாணவியர் நாங்களே செய்யக் காத்திருக்கிறோம்.

சென்ற வாரம் தாய்மாமா மீண்டும் வந்தார். ஜவுளிக்கடையில் இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார். இம்முறை நான் தலை குனியவில்லை. மேலே எழுதியவற்றைச் சுருக்கிச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று சொல்ல இயலாது. அம்மாதான் பூக்கட்டும் நாரைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு வருஷம்தானே அண்ணே, படிக்கட்டும். தண்டல் கணக்கை அவ போட்டதிலே மிஞ்சின காசு இருக்கு" என்றார்.

முதுகலை விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் எங்கள் வீட்டில் ஒருமுறை கறிக்கு உதவியிருக்கிறது. இன்னும் பல வீடுகளுக்கு உதவ வேண்டும் என்பதே என் அவா.